பால் மறந்தால் சொல்லி அனுப்பு

"இன்னிக்கு இல்ல."

என் வீட்டுக்காரரின் அக்கா அதிகம் சொன்னது இந்த இரண்டு சொல்தான். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கை என்போம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கும் சொல்லவில்லை.

பலா மரத்தடியில் நின்று காயைத் தட்டுவாள். காதை வைத்துக் கேட்பாள். எங்களுக்கெல்லாம் வாசம் வந்துவிட்டிருக்கும். பிள்ளைகள் அண்ணாந்து நிற்கும். "இன்னிக்கு இல்ல" என்று போய்விடுவாள். மறுநாள் பார்த்தால் கரடி வந்து தின்றுவிட்டுப் போயிருக்கும். "அதுக்கு நேத்தே பழுத்துருச்சுன்னு பட்டிருக்குது" என்பாள். சிரிக்க மாட்டாள். நாங்கள் சிரிப்போம்.

எப்போதும் சிரிப்பாக முடியவில்லை. ஒரு வருஷம் ஊரே சாமை அறுத்தது. நங்கை தன் பங்குக் காட்டை மட்டும் அறுக்கவில்லை. கதிரைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஈரம் இருக்கிறது என்றாள். நாலாம் நாள் பன்றி இறங்கியது. காடு உழுது போட்ட மாதிரி ஆகிவிட்டது. தை மாசத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வேளைக் களிதான். அவளைப் பெற்றவள்தான் எனக்கு மாமியார். அத்தை வாய் ஓயாமல் திட்டினாள். நங்கை தப்பு என்று சொல்லவில்லை. தன் களி உருண்டையைப் பாதியாக்கிக்கொண்டாள். அந்த வருஷம் முழுக்க அவள் வயிறு பாதிதான் நிரம்பியது. அப்படிப்பட்டவள்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. எங்கள் ஊர் திண்ணனூர் நாட்டில் பதினைந்து கூரை. அவளைக் கட்டிக்கொடுத்தது செம்மேட்டுக்கு அந்தப் பக்கம். நான் வாழவந்த மூன்றாம் மாசம் அவள் திரும்பி வந்தாள். முதுகில் துணி கட்டி, அதில் ஐந்து மாசப் பெண் குழந்தை. மூடுபனியில் அவள் வருவது தெரியவில்லை. வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

அத்தை கேட்டாள்: "ஏண்டி வந்துட்ட?"

"காலு இருந்துச்சு. வந்தேன்."

"அடிச்சானா?"

"இல்ல."

"அப்புறம் என்னடி கேடு?"

"அங்க இருக்கப் புடிக்கல."

அதற்கு மேல் அவள் என்றைக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் ஆட்களில் பெண் புருஷனை விட்டு வரலாம். யாரும் கல்லெறிய மாட்டார்கள். வேறொருவனைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை தகப்பன் வீட்டுக்குத்தான். அது ஊர்க்கட்டு. என் அம்மாவுக்கு மூத்தவள் ஒருத்தி இரண்டு பிள்ளைகளை அப்படி விட்டுவிட்டு வந்தவள். சந்தைக்குப் போகும் வழியில் அவர்களைப் பார்த்தால் ஓரமாக ஒதுங்கி நிற்பாளாம்.

பத்து நாளில் அவள் புருஷன் வந்தான். கூட அவன் பெரியப்பன். கோயிலுக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊர்க்கவுண்டர் நியாயமான ஆள். குழந்தையைப் பார்த்தார்.

"கைக்கொழந்தயப் பிரிக்கறது பாவம். பால் மறக்கட்டும். மறந்ததும் புள்ளயக் கொண்டுபோயி அவங்க ஊட்டுல உட்றணும். செரிதானா கண்ணு?"

"பால் மறந்ததுமுங்களா?"

"ஆமா."

"செரிங்க."

அவள் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். மாசம் சொல்லாமல் விட்டார்கள். எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. ரெண்டு வயசுக்குள் எல்லாப் பிள்ளையும் மறந்துவிடும். அடுத்தது வயிற்றில் வந்துவிடும். அதற்கு எதற்கு நாள் குறிப்பது?

நங்கையின் வயிற்றில் அடுத்தது வரவில்லை. கட்டிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார். மனைவி இல்லாதவர், நல்ல எருது ஒரு ஜோடி வைத்திருந்தார். "இன்னிக்கு இல்லீங்க" என்றாள். அவர் அதை நம்பி இரண்டு வருஷம் காத்திருந்தார். பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் முதல் குழாய் வந்தது. மூங்கில் குழாய். உள்ளே வேப்பெண்ணெய். மலை மேலே வேம்பு அவ்வளவாக இல்லை. கீழே பேளுக்குறிச்சிச் சந்தையில் வாங்க வேண்டும். குழந்தையின் அப்பாவைப் பெற்றவள் சந்தைக்குப் போனால் ஒரு குழாய் வாங்கி, எங்கள் பக்கம் வருகிற ஆளிடம் கொடுத்து விடுவாள். மாரில் தடவினால் குழந்தை கசந்து விலகிவிடும். வாயால் ஒன்றும் சொல்லி அனுப்ப மாட்டாள். எண்ணெய்தான் சேதி.

நங்கை குழாயை வாங்கிக்கொண்டாள். "நல்ல எண்ணெய்" என்றாள். எருதின் கழுத்துப் புண்ணில் தடவினாள். பத்து நாளில் புண் ஆறியது.

"எருது மறந்துருச்சுன்னு போயிச் சொல்லு" என்றாள், கொண்டுவந்த ஆளிடம்.

குழாய் வந்துகொண்டே இருந்தது. பெண்ணுக்கு இரண்டு முடிந்தது. நங்கை நிறுத்தவில்லை. ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திக்கு நாக்கு நீளம்.

"ஏனுங்க நங்க, கண்ணாலத்தன்னிக்கும் புள்ள மடியில படுத்துக் குடிக்குமா?"

"குடிச்சா நீ வந்து பந்தலு போடு."

இப்போது என் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

எனக்கு முதலில் பையன் பிறந்தான். கனத்த பிள்ளை. பதினொரு மாசத்தில் நான் மறுபடியும் குளிக்காமல் நின்றேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கொடுக்கிற பால் ஆகாது என்பார்கள். அத்தை கோயில் நோன்பு நாளைக் குறித்தாள். "அன்னிக்கு மறக்கடிச்சிரு" என்றாள். மழைக் காலம் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மாசம் போகட்டும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அத்தை மாட்டுக்கு வைத்திருந்த குழாயை எடுத்து வந்து அவளே தடவிவிட்டாள்.

பையன் மூன்று நாள் அழுதான். பிறகு களித் தண்ணீர் குடித்தான். பிறகு வயிறு போனது. பதினைந்தாம் நாள் அவனைப் புதைத்தோம்.

அன்று சாயந்திரம் நங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"உனக்குத் தெரிஞ்சுதில்ல, இன்னிக்கு இல்லன்னு. ஏம்புள்ள சொல்லல?"

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். அவள் கேட்டாள். நான் அவளோடு பேச்சை நிறுத்தினேன். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன்.

ஆனால் ஒன்று பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த குழாய் எதையும் அவள் திறக்கவில்லை. மாட்டுக்கும் தடவவில்லை. கூரைப் புல்லுக்குள் வரிசையாகச் செருகி வைத்தாள். எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, வீடு முழுக்கக் கசப்பு வாடை. அத்தை எடுத்து எறியப் போனாள்.

"கை வெச்ச, அப்புறம் பாரு" என்றாள் நங்கை.

பெற்ற தாயிடம் அப்படிப் பேசினாள். அத்தை கையை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்தாள். அடுத்த மழையில் எனக்குக் குளிர்காய்ச்சல். நினைவில்லாமல் கிடந்தேன். குழந்தை பசியில் கத்தியது. கண் திறந்து பார்த்தால், நங்கை என் குழந்தையைத் தன் மாரில் போட்டிருந்தாள். குழந்தை இழுத்துப் பார்த்தது. விட்டுவிட்டு இன்னும் பெரிதாகக் கத்தியது. மறுபக்கம் மாற்றினாள். அதே கத்தல். ஒரு சொட்டு இல்லை.

அவள் பெண்ணுக்கு அப்போது மூன்றரை. தினமும் அந்த மடியில் படுத்துக்கொண்டுதான் இருந்தது.

நான் பார்த்ததை நங்கை பார்த்துவிட்டாள்.

"யாருகிட்டயும் சொல்லாத."

"சொல்லல" என்றேன். ஒரு வருஷம் கழித்து அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

என் பெண்ணுக்கு ஒரு வயது ஆனதும் அத்தை மறுபடியும் நாள் பார்த்தாள். நான் நெல்லிக்காய் அளவு களியை உருட்டிப் பெண்ணின் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். கையை எடுக்காமல் சொன்னேன்: "இன்னிக்கு இல்லீங்க அத்தை."

அடுப்புப் பக்கம் இருந்த நங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விறகைத் தள்ளிவிட்டாள்.

அவள் பெண்ணுக்கு ஐந்து முடிந்ததும் புருஷன் மறுபடியும் வந்தான். இதற்குள் வேறு கட்டியிருந்தான். அந்த இரண்டாமவளுக்குப் பிள்ளை இல்லை. அவன் கெட்டவன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிகம் பேசமாட்டான். காட்டு வேலையில் கெட்டி. அன்று மடியில் ஒரு துண்டுக் கருப்பட்டியும், சிவப்புக் கண்ணாடி வளையல் நாலும் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

அதே கோயில். அதே கவுண்டர், பல் இரண்டு போயிருந்தது. ஊரே கூடியிருந்தது. நல்ல வெயில்.

பெரியப்பன்தான் பேசினார். "அஞ்சு வருசமாச்சுங்க. ஒரு கெடேரிக் கன்னுகூட இத்தன நாளு குடிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள்.

நங்கை சொன்னாள்: "கெடேரி மறந்தா சந்தைக்கு ஓட்டுவீங்க. அதுக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுவும் மறக்காது."

சிரிப்பு நின்றது.

கவுண்டர் சொன்னார்: "இது வெளையாட்டில்ல கண்ணு. கட்டுன்னு ஒண்ணு இருக்குது. இந்த வயசுல ஒருத்திக்குப் பால் இருக்குமா?"

கவுண்டர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பார்வை என் மேல் வந்து நின்றது.

"நீ ஒரே ஊட்டுல இருக்கற. பால் குடுக்கறவ. உனக்குத் தெரியும். அவளுக்குப் பால் இருக்குதா, இல்லையா?"

கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது தெரிந்தது.

"இருக்குதுங்க" என்றேன்.

"பொய்யி!" என்றார் பெரியப்பன். "கையில இருக்கற புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

என் இடுப்பில் என் பெண் இருந்தாள். சாமிக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளை தங்காது. எனக்கு அதில் சந்தேகம் இருந்ததில்லை. ஆனாலும் கை தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முன்பு ஒருமுறை சொல்லாமல் இருந்தேன், அதனால் இருக்கும்.

கை பாதி தூரம் போனது. நங்கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு வலிக்கிற பிடி.

"வேண்டாம் புள்ள."

பிறகு கவுண்டர் பக்கம் திரும்பினாள்.

"அவளக் கேக்காதீங்க. நாஞ் சொல்றேன். பால் வத்தி ரெண்டு வருசமாகப் போவுது. ஒரு சொட்டு இல்ல."

கூட்டம் இரைந்தது. பெரியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்புறம் என்னங்க? புள்ளயத் தூக்கு."

"இருங்க" என்றாள் நங்கை. "எம் மாரு வத்தறதப் பத்தி அன்னிக்கு நீங்க பேசல. புள்ள மறக்கறதத்தான் பேசுனீங்க. புள்ளயக் கேளுங்க. பெத்தவரு வந்திருக்கறாருல்ல, கூப்புடட்டும். போனா கூட்டிக்கிட்டுப் போவட்டும். நான் ஒரு சொல்லுச் சொல்லமாட்டேன்."

பெண் கோயில் படிக்கட்டுப் பக்கம் தனியாக நின்றது. ஊர்ப் பிள்ளைகள் அதைப் பால்குடி, பால்குடி என்று கூப்பிட்டுச் சிரிக்கும். அதற்கு வெட்கம் தெரிந்த வயசு. இத்தனை பேருக்கு முன்னால் மடிக்குப் போகுமா? போகாது என்றுதான் நினைத்தேன். நங்கையைப் பார்த்தேன். கட்டை மாதிரி இறுகி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்று எதிரே இருந்த பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குந்தி உட்கார்ந்தான். மடியை அவிழ்த்தான்.

"வா சாமி. இங்க பாரு, வளையலு."

பெண் பார்த்தது. வளையல் வெயிலில் மின்னியது. அதற்கு ஆசை வந்தது எனக்குத் தெரிந்தது. ஓர் எட்டு வைத்தது. இன்னொரு எட்டு. அவன் கைக்கு எதிரில் போய் நின்றது.

கருப்பட்டியை மட்டும் எடுத்துக்கொண்டது. திரும்பியது. நேராக நடந்து வந்து, ஊர் பார்க்க, அம்மா மடியில் படுத்து, சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டது.

வெளியே இரண்டு கால் மட்டும் தெரிந்தது. அந்த மடிக்கு நீளமான கால். இறுக மூடிய கையில் கருப்பட்டி கரைந்து விரல் இடுக்கில் ஒழுகியது.

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நாக்கு நீளமானவள்கூட.

கவுண்டர் அவனைப் பார்த்தார். "என்னப்பா சொல்ற?"

அவன் எழுந்து நின்றான். வேட்டியில் கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் மறக்கலைங்க" என்றான்.

பெரியப்பன் "அட மடையா!" என்று கத்தினார். அவன் அதைக் காதில் வாங்கவில்லை. வளையலைக் கல்லின் மேல் வைத்தான்.

"மறந்தா சொல்லி அனுப்பு" என்று நங்கையிடம் சொன்னான். போய்விட்டான்.

நாங்கள் வீட்டுக்கு நடந்தோம். நங்கையும் பெண்ணும் முன்னால், நான் பின்னால். ஒற்றையடிப் பாதை. பெண் பிசுபிசுத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னது கேட்டது.

"அம்மா, அதுல ஒண்ணுமே வர்றதில்ல."

"தெரியும்."

"இனிமே எனக்கு வேண்டாம்."

நங்கை நடையை நிறுத்தவில்லை.

"செரி" என்றாள்.

அவ்வளவுதான். ஐந்து வருஷம் ஒரு நாடே கேட்டுக் கிடைக்காததைப் பெண் கேட்டது, கொடுத்துவிட்டாள். அன்றைக்கே பால் மறந்தது. ஆனால் அவள் சொல்லி அனுப்பவில்லை. நானும் சொல்லவில்லை. பெண் விறகு சுமந்தது, சாமை குத்தியது, சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தது. ஊரே பார்த்தது. ஒருவரும் செம்மேட்டுப் பக்கம் போய் வாய் திறக்கவில்லை. ஒருமுறை கவுண்டர் வழியில் பார்த்தார். பெண்ணின் தலையில் அதன் உயரத்துக்கு விறகுக் கட்டு.

"என்ன கண்ணு, புள்ள இன்னும் மறக்கலையா?"

"இல்லீங்க" என்றாள் நங்கை.

"ம்" என்று கவுண்டர் வானத்தைப் பார்த்தார். "மழ வரும் போல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவனைப் பெற்ற கிழவி மட்டும் குழாய் அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷம் அது நின்றது. கிழவி போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டோம். நங்கை அன்று சாப்பிடவில்லை. அதற்கும் காரணம் சொல்லவில்லை.

பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தது வெள்ளைக்காரனின் இரண்டாவது சண்டைக் காலத்தில். சந்தையில் புதுத்துணி கிடைக்காது. என் கல்யாணச் சேலையைத்தான் கட்டிவிட்டோம். அதற்கு எட்டு நாள் முன்னால் நங்கை கூரையில் கைவிட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாக உருவினாள். எண்ணெய் எப்போதோ கசிந்து போயிருந்தது. கறுத்து, காய்ந்து, வெறும் மூங்கில். எல்லாவற்றையும் நாரில் கட்டினாள். மேலே வெற்றிலை பாக்கு வைத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள்.

"அவருகிட்டக் குடு. புள்ள பால் மறந்துருச்சு, வந்து பாத்துட்டுப் போவச் சொல்லு."

அவன் வந்தான். தலை நரைத்திருந்தது. வேலி ஓரம் நின்றான். நாக்கு நீளமானவளின் புருஷன் போட்ட பந்தலுக்குள் வரவில்லை. பெண் போய்க் காலில் விழுந்தது. கையில் அந்தச் சிவப்பு வளையலில் ஒன்று இருந்தது. சின்ன வயசு வளையல் கைக்கு ஏறவில்லை. நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டியிருந்தது. அவன் அதைத் தொட்டுப் பார்த்தான்.

நங்கை இலை போட்டாள். யாரையும் விடவில்லை, அவளே சாமைச் சோறு வைத்தாள். மொச்சைக் குழம்பு ஊற்றினாள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எப்ப மறந்துச்சு?"

எனக்கு அந்த ஒற்றையடிப் பாதை ஞாபகம் வந்தது. நங்கை இன்னொரு கை சோறு அள்ளி அவன் இலையில் வைத்தாள்.

"இன்னிக்கு" என்றாள்.